மருந்தின் வேலையை அளக்கத் தொடங்கிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் யார், எதை வைத்து, எப்படி அளந்தார்கள்? பார்மசி மாணவர்களும், மருந்துச் சீட்டைக் கொஞ்சம் கூர்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கதை 1600களில் தொடங்கி 1920களில் நிற்கிறது. பெரும்பகுதி ஐரோப்பாவில் நடந்தது. நடுவில் ஒருமுறை ஹைதராபாத்துக்கும் வருகிறது.

மருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறதே. அளவு பார்க்காமலா கொடுத்தார்கள்?

அளவு பார்த்துத்தான் கொடுத்தார்கள். சித்த மருத்துவத்தில் குன்றி எடை, பணவெடை, வராகனெடை என்று நுணுக்கமான நிறைகள் உண்டு. ஐரோப்பியர்கள் கிரெயின், டிராம் என்று நிறுத்தார்கள். ஆனால் நிறுத்தது கொடுக்கிற மருந்தை. உள்ளே போன பிறகு நாடி எத்தனை குறைந்தது, எத்தனை நிமிடத்தில் குறைந்தது, எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று எண்ணாகக் குறித்துவைத்து, இன்னொரு நோயாளியின் எண்ணோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் மிகப் பிந்தி வந்தது.

அதற்கு மூன்று விஷயங்கள் தேவைப்பட்டன. கலப்பில்லாத மருந்து. உடம்பில் நடக்கும் மாற்றத்தைப் பதிந்து தரும் கருவி. அப்புறம், மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டும் ஒப்பீடு. கடைசியாக வந்தது இந்த மூன்றாவதுதான். என்னைக் கேட்டால் மிக முக்கியமானதும் அதுவே. முதல் இரண்டும் கைக்கு வந்த பிறகும் மருத்துவர்கள் நெடுங்காலம் தவறான முடிவுகளுக்கு வந்தார்கள் என்றால், மூன்றாவது இல்லாததே பெரும்பாலும் காரணம்.

நாடியை எண்ணும் வழக்கம் எப்போது வந்தது?

இத்தாலியைச் சேர்ந்த சாந்தோரியோ 1600களின் தொடக்கத்தில் ஒரு ஊசலை நாடிக்குப் பயன்படுத்தினார். ஊசலின் கயிற்றை நீட்டியும் குறுக்கியும் அதன் ஆட்டத்தை நோயாளியின் நாடித் துடிப்போடு ஒத்துப்போகச் செய்வார். கயிற்றின் நீளம்தான் அவருடைய எண். 1707-இல் ஜான் ஃபிளாயர் என்ற ஆங்கில மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணும் முறையைப் புத்தகமாகவே எழுதினார். அது உடனே பரவிவிடவில்லை. கைவிரலால் தொட்டு, ‘மெலிந்த நாடி’, ‘துள்ளும் நாடி’ என்று சொல்வதே போதும் என்று பலர் இருந்துவிட்டார்கள்.

ஒரு மருந்தை முறையாகப் பின்தொடர்ந்து பார்த்த முதல் ஆள் யார்?

‘முதல் ஆள்’ பட்டத்துக்குப் பலர் போட்டியிடுவார்கள். நான் வில்லியம் விதரிங்கைத்தான் சொல்வேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருத்துவராக இருந்தவர். 1775-இல் ஒரு கைமருந்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்கு ரகசியமாகக் கொடுத்துவந்த மருந்து அது. வைத்தியர்கள் கைவிட்ட சிலருக்குக்கூட வீக்கம் வடிந்திருந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. செடி நூலில் நல்ல பழக்கமுள்ள விதரிங்குக்கு, வேலை செய்வது அதில் ஒன்றே ஒன்றுதான், அது ஃபாக்ஸ்குளோவ் என்னும் டிஜிட்டாலிஸ் செடி என்று விளங்கிவிட்டது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கவனித்து, செடி பூக்கும் நேரத்தில் மட்டும் இலை பறிக்கச் சொன்னார். காயவைத்துப் பொடித்து, ஒன்றிலிருந்து மூன்று கிரெயின்வரை நாளைக்கு இரண்டு வேளை என்று அளவு வைத்தார். இன்றைய கணக்கில் ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். சிறுநீர் பெருகினாலோ, குமட்டினாலோ, நாடி தளர்ந்தாலோ, வயிறு போனாலோ, இவற்றில் எது முதலில் தெரிகிறதோ அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்றார். அளவு மீறினால் பார்ப்பதெல்லாம் பச்சையாகவும் மஞ்சளாகவும் தெரியும், நாடி நிமிடத்துக்கு 35 வரைகூட இறங்கும் என்றும் எழுதிவைத்தார்.

1785-இல் வெளியான அவருடைய நூலில் தம்முடைய 163 நோயாளிகளின் விவரங்களைத் தந்தார். குணமானவர்களை மட்டும் பொறுக்கிப் போடவில்லை. தோற்றவை, மருந்தைத் தவறாகக் கொடுத்தவை எல்லாம் அதில் உண்டு. வெற்றிகளை மட்டும் எழுதியிருந்தால் மருந்துக்கும் தமக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும், உண்மை கிடைத்திருக்காது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். 240 ஆண்டுகள் கழித்துப் படிக்கும்போதும் அந்த நேர்மை மனத்தைத் தொடுகிறது. மருந்து இதயத்தின் மூலம் வேலை செய்கிறது என்பதை அவர் முழுதாகப் பிடிக்கவில்லை; ஆனால் இதயத்தின் அசைவின் மேல் வேறெந்த மருந்துக்கும் இல்லாத பிடிப்பு இதற்கு இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

செடியிலிருந்து சுத்தமான மருந்தைப் பிரித்தது எப்போது?

அபினியில்தான் அது தொடங்கியது. ஒரு கடையின் அபினி தூங்கவைக்கும், அதே எடையில் இன்னொரு கடையின் அபினி ஆளையே கொன்றுவிடும். ஜெர்மனியில் இளம் மருந்தாளராக இருந்த ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர், 1800களின் முதல் பத்தாண்டில் அபினியிலிருந்து தூக்கம் தரும் பொருளைத் தனியே பிரித்தார். மார்ஃபின் அதுதான். 1817-இல் வெளியிட்ட கட்டுரையில், தாமும் மூன்று இளைஞர்களும் அதைச் சாப்பிட்டுப் பார்த்த விவரத்தைத் தந்திருக்கிறார். முதலில் அரை கிரெயின், அரை மணி நேரத்தில் இன்னொரு அரை, பிறகு கால் மணி நேரத்தில் மூன்றாவது அரை. முகம் சிவந்தது, தலை சுற்றியது, மயக்கம் வந்தது. பயந்துபோய் எல்லாருக்கும் காடியைக் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆனாலும் ‘இவ்வளவு எடை, இவ்வளவு நேரம், இந்த விளைவு’ என்று சுத்தமான ஒரு பொருளை வைத்துச் சொன்ன ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று.

அதன் பிறகு வரிசையாக வந்தன. பாரிஸில் பெல்லெத்தியேயும் கவாந்தூவும் 1818-இல் ஸ்டிரிக்னினையும், 1820-இல் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனையும் பிரித்தார்கள். ஸ்டிரிக்னின் நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே விஷம்தான்.

மருந்து உடம்பில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1809-இல் பாரிஸில் ஃபிரான்சுவா மஜாந்தி, எட்டி இனச் செடி ஒன்றிலிருந்து ஜாவா மக்கள் எடுத்த அம்பு விஷத்தை ஆராய்ந்தார். விஷம் பட்ட விலங்கு விறைத்து வலிப்பு வந்து செத்தது. விஷம் நரம்பு வழியாக ஏறுகிறதா, நிணநீர் வழியாகவா, ரத்தம் வழியாகவா? அபினியால் உணர்விழந்த ஒரு நாயின் பின்னங்காலை, ஒரு தமனியும் ஒரு சிரையும் மட்டும் இணைத்திருக்கும்படி வெட்டினார். அந்தக் குழாய்களின் சுவர் வழியாகக்கூட வேறெதுவும் போய்விடக் கூடாது என்று அவற்றின் நடுவிலும் இறகுத் தண்டைப் பொருத்தினார். பாதத்தில் விஷத்தை வைத்ததும் வலிப்பு வந்தது. ரத்தம்தான் விஷத்தைச் சுமந்துபோகிறது. தண்டுவடத்தை அழித்துவிட்டால் வலிப்பு நின்றது. அப்படியானால் விஷம் வேலை செய்யும் இடம் தண்டுவடம்.

அவருடைய மாணவர் கிளோட் பெர்னார் இன்னும் நுட்பமாகப் போனார். தென் அமெரிக்கப் பழங்குடியினரின் அம்பு விஷமான கியூராரேயை எடுத்துக்கொண்டார். விலங்கு சத்தமில்லாமல் தளர்ந்து, மூச்சு நின்று சாகும். அவர் ஒரு தவளையின் பின்னங்கால் ஒன்றுக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மட்டும் கட்டி நிறுத்தினார், நரம்பைத் தொடவில்லை. பிறகு முதுகுத் தோலுக்கடியில் கியூராரேயை வைத்தார். சற்று நேரத்தில் உடம்பு முழுவதும் துவண்டது, விஷம் எட்டாத அந்த ஒரு காலைத் தவிர. துவண்டுபோன பகுதியில் தோலைக் கிள்ளினார். நல்ல கால் உதைத்தது. ஆக, கிள்ளியது தவளைக்குத் தெரிகிறது. தண்டுவடமும் கட்டளை அனுப்புகிறது. துவண்ட தசையில் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் சுருங்கியது, அதற்குப் போகும் நரம்பில் கொடுத்தால் அசையவில்லை. உணர்வு நரம்பு நன்றாக இருக்கிறது, தண்டுவடம் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது. கெட்டது நரம்பு தசைக்குச் செய்தி தரும் இடம் மட்டும்தான்.

ஒரு கத்தி, ஒரு நூல், ஒரு தவளை. இவற்றை வைத்து ஒரு மருந்தின் முகவரியை அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தார். 1905-இல் கேம்பிரிட்ஜின் லாங்லி, நிகோடினும் கியூராரேயும் தசையில் ஒரே இடத்துக்காகப் போட்டியிடுவதைக் காட்டி, அங்கே மருந்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்றார். இன்று ரிசெப்டர் என்று நாம் சொல்வதன் தொடக்கம் அங்கே. அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்துவதற்குக் கியூராரே 1942-இல் மாண்ட்ரியலில் பயன்பாட்டுக்கு வந்தது.

இதெல்லாம் விலங்குகளுக்குக் கொடுமை இல்லையா?

கொடுமைதான். 1840களுக்கு முன்னால் ஈதர் மயக்கமே கிடையாது. மஜாந்தியின் பல சோதனைகளில் விலங்குகள் முழு உணர்வோடு இருந்தன. 1824-இல் அவர் லண்டனுக்கு வந்து செய்துகாட்டியபோது எழுந்த எதிர்ப்பு நாடாளுமன்றம்வரை போனது. 1876-இல் பிரிட்டன் விலங்குச் சோதனைக்கு உரிமம் கேட்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த அறிவால் நாம் பயன் அடைகிறோம் என்பதும், அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மருந்தைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

நிறைய. எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் 1855-இல், மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றவாளியா என்று சோதிக்கக் கொடுக்கப்பட்ட கலபார் விதையில் கொஞ்சம் தின்று பார்த்தார். உடம்பு தளர்ந்து, நாடி தடுமாறத் தொடங்கியதும், சவரம் செய்ய வைத்திருந்த சோப்புத் தண்ணீரைக் குடித்து வாந்தி எடுத்துப் பிழைத்தார். அந்த விதையிலிருந்து பிறகு வந்த ஃபைசோஸ்டிக்மின் கண் அழுத்த நோய்க்கு மருந்தானது.

கோடு வரையும் கருவி எப்போது வந்தது?

முதலில் ரத்த அழுத்தத்தை அளந்தவர் ஒரு பாதிரியார். ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு குதிரையின் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதோடு உயரமான கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-இல் அதை வெளியிட்டார். அவ்வளவு உயரக் குழாயை வைத்துக்கொண்டு மருந்தை ஆராய முடியாது. 1828-இல் புவாசேய் பாதரசத்தைப் பயன்படுத்தி அதைக் கைக்கு அடக்கமாக்கினார். 1840களின் நடுவில் ஜெர்மனியின் கார்ல் லுட்விக், பாதரசத்தின் மேல் ஒரு மிதவையையும் மிதவையின் மேல் ஒரு முள்ளையும் வைத்து, கடிகார விசையில் சுழலும் உருளையில் அந்த முள்ளைக் கோடு போடவைத்தார். கைமோகிராஃப் என்பது இதுதான்.

பார்மசியோ எம்.பி.பி.எஸ்ஸோ கொஞ்சம் முன்னால் படித்தவர்களுக்கு இதன் பிள்ளையான புகை டிரம் நினைவிருக்கும். வழவழப்பான தாளை உருளையில் இறுக்கிச் சுற்றி, புகை கக்கும் சுடரின் மேல் சீராகச் சுழற்ற வேண்டும். கரி ஒரே மாதிரி படிய வேண்டும். தடித்தால் முள் இழுக்கும், மெலிந்தால் கோடு தெரியாது. தவளையின் வயிற்றுத் தசைத் துண்டை உப்புக் கரைசல் உள்ள சிறு தொட்டியில் தொங்கவிட்டு நூலால் நெம்புகோலில் கட்டி, தசையைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலினைச் சொட்டினால் முள் கரியைச் சுரண்டிக்கொண்டு மேலே ஏறும். அளவை இரட்டித்தால் இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் ஏறாது. முடிந்ததும் தாளைக் கழற்றி, குங்கிலியம் கரைத்த ஸ்பிரிட்டில் தோய்த்துக் காயவைத்தால் கோடு அழியாது.

லுட்விக்கின் கருவியால் நடந்த மாற்றம் என்னவென்றால், மருந்தின் வேலைக்கு ஒரு வடிவம் கிடைத்தது. எப்போது தொடங்கியது, எவ்வளவு செங்குத்தாக ஏறியது, எப்போது இறங்கியது எல்லாம் ஒரே தாளில். மருத்துவரின் வர்ணனையை நம்ப வேண்டியதில்லை. தாளை எடுத்து இன்னொருவர் பார்க்கலாம், சண்டையும் போடலாம்.

அந்தக் கோடு எந்த நோயாளிக்காவது உதவியதா?

உதவியது. 1867-இல் எடின்பரோ மருத்துவமனையில் லாடர் பிரன்டன் என்ற 23 வயது மருத்துவர், இரவில் நெஞ்சுவலியால் துடித்த ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டின் நாடியைக் கோடாக வரையும் ஸ்ஃபிக்மோகிராஃபை வைத்து வலி நேரத்தில் பதிவு எடுத்தபோது, தமனியின் இறுக்கம் கூடியிருப்பது தெரிந்தது. ரத்தம் எடுத்தால் வலி கொஞ்சம் குறைந்தது. அமைல் நைட்ரைட்டின் ஆவி தமனியின் இறுக்கத்தைக் குறைக்கும் என்பதை அவருடைய நண்பர் ஆர்தர் காம்ஜி விலங்குகளில் கண்டிருந்தார். பிரன்டன் ஒரு துணியில் 5 முதல் 10 சொட்டு விட்டு முகரக் கொடுத்தார். முகம் சிவந்தது, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் வலி மறைந்தது. 1879-இல் வில்லியம் மரல் நைட்ரோகிளிசரினைக் கொண்டுவந்தார். இன்று நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை அந்த வழியில் வந்தது.

அனுபவத்தில் ‘இது கேட்கிறது’ என்று கொடுக்காமல், அளவீட்டிலிருந்து யோசித்து எடுத்த மருந்து என்பதால் மருந்தியல்காரர்களுக்கு இந்தச் சம்பவம் மேல் தனிப் பிரியம்.

ஹைதராபாத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குளோரோஃபார்ம். 1847-இல் எடின்பரோவில் சிம்ப்சன் அதை மயக்க மருந்தாகக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியிலேயே இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால் நகத்தை எடுக்க வந்த 15 வயதுப் பெண் அதை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்தாள். அதுபோல் தொடர்ந்து நடந்தது. முதலில் நிற்பது மூச்சா, இதயமா? மூச்சு என்றால் மயக்கம் கொடுப்பவர் மார்பைப் பார்க்க வேண்டும். இதயம் என்றால் விரல் நாடியில் இருக்க வேண்டும். எடின்பரோ பள்ளி மூச்சு என்றது. லண்டன் பள்ளி இதயம் என்றது.

ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் முதல்வர் எட்வர்ட் லாரி எடின்பரோவில் படித்தவர். நிஜாம் மஹபூப் அலி கானின் ஆதரவோடு 1888-இல் ஒரு குழு விலங்குகளில் சோதித்து, மூச்சுதான் என்றது. லண்டனின் லான்செட் இதழ் ஏற்கவில்லை. நிஜாம் 1000 பவுண்டு தருகிறேன், உங்கள் ஆளை அனுப்புங்கள் என்றார். 1889-இல் வந்தவர் அதே லாடர் பிரன்டன். நாய், குரங்கு, ஆடு, குதிரை, பூனை, முயல் என்று நூற்றுக்கணக்கில் சோதித்தார்கள். பலவற்றில் ரத்த அழுத்தத்தைக் கோடாகவும் பதிந்தார்கள். ஆபத்து மூச்சுத் திணறலாலும் அதிக அளவாலும்தான், நேரடியாக இதயத்தால் இல்லை என்று முடிவு. வரும்போது இதயத்துக்கும் ஆபத்து உண்டு என்று நினைத்திருந்த பிரன்டனே மனம் மாறித் திரும்பினார்.

முடிவு தவறு. 1911-இல் லண்டனில் குட்மன் லெவி, பூனைகளுக்கு லேசான குளோரோஃபார்ம் கொடுத்திருக்கும்போது அட்ரினலின் செலுத்தினால் இதயக் கீழறைகள் ஒழுங்கின்றி நடுங்கி அப்படியே நின்றுவிடுவதைக் காட்டினார். பயந்துபோயிருக்கும் நோயாளியின் உடம்பில் அட்ரினலின் தானாகவே பெருகும். மயக்கம் ஆழமாவதற்கு முன்பே, முதல் சில நிமிடங்களில் ஏன் இறக்கிறார்கள் என்பதற்கு அது விடை.

ஹைதராபாத்தின் கோடுகளில் பிழை இல்லை. ஆரோக்கியமான விலங்குக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் மூச்சுதான் முதலில் நிற்கும். ஆனால் மேசையில் படுக்கும் மனிதனின் நிலைமை வேறு. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைச் சரியாக அமைக்காவிட்டால், எத்தனை நூறு முறை அளந்தாலும் பக்கத்துக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கும். நான் மூன்றாவது விஷயத்தை முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

மருந்தியல் தனிப் பாடமானது எப்போது?

1847-இல் ரூடால்ஃப் புக்ஹைம் இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டோர்பாட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆய்வகம் கிடைக்காததால் சொந்தச் செலவில் தம் வீட்டின் அடித்தளத்தில் ஒன்றை அமைத்தார். அவருடைய மாணவர் ஷ்மீடபெர்க் 1872 முதல் ஸ்டிராஸ்பர்க்கில் பயிற்றுவித்தவர்கள் உலகெங்கும் போய்த் துறைகளைத் தொடங்கினார்கள்.

போலி மருந்து வைத்து ஒப்பிடும் யோசனை யாருடையது?

ஒருவருடையது என்று சொல்ல முடியாது. 1835-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஹோமியோபதி முறையில் மிகவும் நீர்த்த உப்பு உடம்பில் விளைவு காட்டும் என்ற பேச்சைச் சோதிக்க, 100 குப்பிகளை எடுத்தார்கள். 50-இல் பனி உருகிய வெறும் நீர் மட்டும். 50-இல் அந்த உப்புக் கரைசல். எண் போட்டு, கலைத்து, எந்த எண்ணில் எது என்ற பட்டியலை முத்திரையிட்டு மூடிவைத்தார்கள். குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. பெரும்பாலோர் எதுவும் உணரவில்லை. ஏதோ உணர்ந்ததாகச் சொன்ன சிலரில் வெறும் நீர் குடித்தவர்களும் இருந்தார்கள். இதை முன்னின்று நடத்தியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர்.

மனத்தின் மேல் மருந்தின் வேலையையும் அளந்தார்களா?

அளந்தார்கள். எமில் கிரேபெலின் 1880களில் லைப்சிக்கில் இதைத் தொடங்கினார். ஒரு சமிக்ஞை வந்ததும் பொத்தானை அழுத்தும் நேரத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை காட்டும் கடிகாரத்தால் அளந்து, சாராயமும் தேநீரும் மார்ஃபினும் அதை எப்படி மாற்றுகின்றன என்று பார்த்தார். 1892-இல் நூலாக வந்தது.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. குடிப்பவருக்குத் தான் என்ன குடிக்கிறோம் என்பது தெரியும். இதைப் பிடித்தவர் கேம்பிரிட்ஜின் ரிவர்ஸ். நம் ஊரில் மானுடவியல் படித்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர் அவரே. நடுவிரலால் எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கவைத்துக் களைப்பை அளக்கும் எர்கோகிராஃப் என்ற கருவியை அவர் பயன்படுத்தினார். சாராயம் உள்ள பானமும் இல்லாத பானமும் ருசியில் வித்தியாசம் தெரியாதபடி கலந்து, எது எந்த நாள் என்று தெரியாமல் குடிக்கவைத்தார். சிறிய அளவு சாராயம் தசைக்குத் தெம்பு தருகிறது என்று முன்னவர்கள் கண்டது அவருக்குக் கிடைக்கவில்லை. குடிக்கிறோம் என்ற எண்ணமும், அதில் வரும் ஆர்வமுமே அந்தத் தெம்பின் ஒரு பகுதி என்று விளக்கினார்.

கோக கோலா வழக்கில் காஃபின் சோதனை நடந்தது உண்மையா?

உண்மை. 1909-இல் அமெரிக்க அரசு கோக கோலா சிரப்பை பீப்பாய் பீப்பாயாகப் பறிமுதல் செய்து, சேர்க்கப்பட்ட காஃபின் உடலுக்குக் கேடு என்று வழக்குத் தொடுத்தது. 1911 மார்ச்சில் சட்டனூகா நகரில் விசாரணை. மனிதர்களின் நடத்தையில் காஃபின் என்ன செய்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று உணர்ந்த நிறுவனம் ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியல் ஆசிரியரை அணுகியது. நிறுவனப் பணம் வாங்கினால் பெயர் கெடும் என்று மூத்தவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். மனைவி லீட்டாவின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டதால் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நிபந்தனை போட்டார்: முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவேன், விளம்பரத்தில் என் பெயர் வரக் கூடாது.

நியூயார்க்கில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, 16 பேரை வைத்து 40 நாள் நடத்தினார்கள். காஃபினும் வெறும் பால்சர்க்கரையும் ஒரே மாதிரி கேப்சூல்களில். சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. விரல் தட்டும் வேகம், கை நடுக்கம், தட்டச்சு, நிறங்களின் பெயர் சொல்வது, கணக்கு என்று நாள் முழுவதும் சோதனை. லீட்டாவும் நடத்தியவர்களில் ஒருவர். விரல் வேகம் சீக்கிரம் கூடி சீக்கிரம் தணிந்தது. மூளை வேலையில் மாற்றம் மெதுவாக வந்து நெடுநேரம் நின்றது. அளவு கூடினால் கை நடுங்கியது. தூக்கம் பெரும்பாலோருக்கு 6 கிரெயினுக்கு மேல்தான் கெட்டது.

வழக்கு சட்ட நுணுக்கம் ஒன்றில் தள்ளுபடியானது. 1916-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிறகு நிறுவனம் காஃபினைக் குறைத்து சமரசம் செய்துகொண்டது. தீர்ப்பில் இந்த ஆய்வு பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் பணம் கொடுப்பவரிடமிருந்து முடிவைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று மருந்து ஆய்வுகள் இன்றும் தடுமாறும் இடத்தில், அவர் அன்றே ஒரு வழி காட்டியிருந்தார்.

இன்சுலினை ஏன் மில்லிகிராமில் சொல்லாமல் ‘யூனிட்’ என்கிறோம்?

1922-இல் டொரான்டோவில் இன்சுலின் கிடைத்தபோது அது சுத்தமான பொருளாக இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வீரியம் மாறியது. எடை போட்டுப் பயனில்லை. விதரிங்கின் இலைகளுக்கு இருந்த அதே சிக்கல். எனவே வேலையை வைத்தே அளந்தார்கள். பட்டினி போட்ட, ஏறக்குறைய 2 கிலோ எடையுள்ள முயலின் ரத்தச் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்க எவ்வளவு தேவையோ, அதை அடிப்படையாக வைத்து யூனிட்டை வகுத்தார்கள். ஆனால் ஒரு முயலைப் போல் இன்னொரு முயல் இல்லை, ஒரு ஊர் முயலைப் போல் இன்னொரு ஊர் முயலும் இல்லை. ஹென்றி டேல் முன்நின்று, உலர்ந்த இன்சுலின் பொடி ஒன்றையே உலகப் பொது அளவுகோலாக வைக்கச் செய்தார். அதன் ஒரு மில்லிகிராமில் 8 யூனிட் என்று 1920களின் நடுவில் நிர்ணயித்தார்கள். புதிதாகச் செய்த எந்த இன்சுலினையும், ஒரே நாளில், ஒரே கூட்டத்து முயல்களில், இந்தப் பொடியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். முயல் எந்த ஊராக இருந்தாலும் பரவாயில்லை.

1927-இல் ஜே. டபிள்யூ. டிரெவன் அடுத்த படியை வைத்தார். விலங்குகள் ஒன்றுபோல் இல்லை என்பதைக் குறையாக எண்ணாமல், கூட்டத்தில் பாதிக்கு விளைவு தரும் அளவைக் கணக்கிட்டால் அதுவே நிலையான எண் என்று காட்டினார்.

இப்போது இன்சுலின் சுத்தமாகவே கிடைக்கிறது. யூனிட் மட்டும் மாறவில்லை. நம் கடைகளில் சிறு குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடுவது 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 யூனிட் மருந்தை 40-க்கான ஊசியில் ஏற்றினால் நினைத்ததைவிட இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வாங்கும்போது குப்பியில் உள்ள எண்ணையும் ஊசியில் உள்ள எண்ணையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.